திரும்ப ஊற்றிய ஒயின்

2025ஆம் ஆண்டு பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, மதுரை விளாங்குடியில் தாமரைச்செல்வியின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரே ஒரு வெள்ளை ஒயின் பாட்டில் இருந்தது. அதைத் திறந்தவர் அவளுடைய கணவர் அழகுபாண்டி. திறந்த நாள் நவம்பர் முப்பது. அவர் இறந்த நாள் டிசம்பர் ஆறு. பாட்டிலின் லேபிளில் டிசம்பர் இருபத்தொன்று என்று தேதியிட்ட ஒரு பென்சில் கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே சரியாக இரண்டு கிளாஸ் ஒயின். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த ஆறு சனிக்கிழமைகளில் அவள் ஆறு கிளாஸ் குடித்திருந்தாள். ஒயின் இப்போதும் அந்தக் கோட்டிலேயே நின்றது.

மறுநாள் காலையில் அவளுடைய மகள் சத்யப்ரியா திருப்பூரிலிருந்து வருகிறாள். ஆறு மாதக் கர்ப்பிணி. மருமகன் சூரியபிரகாஷைக் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புவதால், பிரசவம் முடியும் வரை தாய்வீட்டில்தான் இருக்கப்போகிறாள். அவள் வாசற்படி ஏறுவதற்கு முன் அந்தப் பாட்டில் காலியாகியிருக்க வேண்டும். காலியானால் அழகுபாண்டி போய்விடுவார். காலியாகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தாமரைச்செல்வி ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டாள்.

அழகுபாண்டி ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். கல்யாணமான புதிதில் அவரை மகாராஷ்டிரத்தின் மன்மாடில் போட்டிருந்தார்கள். அங்கே நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களின் ஒயினை மளிகைச் சாமானோடு மளிகைச் சாமானாகப் பெண்களும் வாங்கிப் போவதைத் தாமரைச்செல்வி முதலில் திகைப்போடும் பிறகு பழக்கத்தோடும் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை மாலை அவர் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். விலை உயர்ந்தது அல்ல. தக்கை கிடையாது, திருகு மூடிதான். நன்றாகக் குளிரவைத்து, இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை அவளிடம் நீட்டினார். முதல் வாயில் கிளிமூக்கு மாங்காயின் புளிப்பு; அது தொண்டையில் இறங்கிய பின் கொய்யாவின் வாசனை; கடைசியில் நாக்கின் ஓரத்தில் எலுமிச்சைத் தோலின் கசப்பு, இருந்தும் இல்லாததுமாக. அவளுக்குப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மதுரைக்கு மாறி வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை, மறைத்தார்கள். சனிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு ஜன்னல் திரை இழுக்கப்படும். அவித்த நிலக்கடலை ஒரு கிண்ணம், வெள்ளரிக்காய் ஒரு தட்டு. ஆளுக்கு ஒரு கிளாஸ். அதற்கு மேல் ஒரு சொட்டும் இல்லை. ஒரு பாட்டிலில் ஐந்து கிளாஸ். குடித்து முடித்ததும் அவள் லேபிளில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள்.

"ஆபீஸ் புத்தி போகுதா பாரு. நான் என்ன ஃபைலா திருடப் போறேன்?" என்பார் அவர்.

"ஃபைலத் திருட மாட்டீங்க. இதத் திருடுவீங்க."

"சரி சரி, ஜில்லு போறதுக்குள்ள குடி."

தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவள் கண்காணிப்பாளர். அடுத்த ஆண்டு ஓய்வு. அங்கே அவள் கையெழுத்துக்குப் போகும் கடிதத்தில் ஒற்றுப்பிழை இருந்தால் கடிதம் திரும்பி வரும். அப்படிப்பட்டவள் சனிக்கிழமை மாலையில் ஒயின் குடிக்கிறாள் என்று சொன்னால், சொன்னவரைத்தான் உலகம் சந்தேகிக்கும்.

டிசம்பர் இருபத்தொன்று, அவர் இறந்த பதினாறாம் நாள். சமயநல்லூரிலிருந்து அவருடைய அண்ணன் நல்லகாமனும் அண்ணி சீனியம்மாளும் பங்காளிகளும் வந்திருந்தார்கள். உள்ளறையில் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, சோறும் கறியும் முட்டையும் முறுக்கும் படைத்தார்கள். அந்தக் குடும்பத்து வழக்கப்படி, இறந்த ஆண் குடிப்பவரோ இல்லையோ, இலையின் ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தியும் வைத்தார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். இறந்தவர் வந்து சாப்பிட்டு முடிக்கும் நேரம் கொடுத்து, நல்லகாமன் மூன்று முறை கைதட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே இருப்பவரின் மேல் இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்தக் கைதட்டல். இலையில் இருந்ததைக் குடும்பத்தார் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பிராந்தியை நல்லகாமனே குடித்தார்.

அழகுபாண்டி தம் ஆயுளில் பிராந்தியைத் தொட்டதில்லை. தாமரைச்செல்விக்கு அது தெரியும். அவர் எதைக் குடிப்பார் என்பதும் தெரியும். அத்தனை பேருக்கு நடுவில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

நான்கு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ஆறு பத்துக்கு அவள் திரையை இழுத்தாள். பாட்டிலில் மூன்று கிளாஸ் ஒயின் இருந்தது. ஒன்றைத் தனக்கு ஊற்றி, ஒன்றை அவருக்கு ஊற்றினாள். அவருடையதை உள்ளறையில் படத்துக்கு முன்னால் வைத்து, கதவைச் சாத்தினாள். ஹாலில் உட்கார்ந்து தன்னுடையதைக் குடித்தாள். பிறகு மூன்று முறை கைதட்டி, கதவைத் திறந்தாள். கிளாஸ் வைத்தபடி இருந்தது.

அப்போது அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அவர் திறந்த கடைசிப் பாட்டில் அது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று, படைத்த ஒயினைச் சிந்தாமல் பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி, மூடியைத் திருகி, கோடு போட்டுத் தேதி எழுதினாள்.

மறுநாள் வெண்டைக்காய் நறுக்கும்போது இடதுகை ஆட்காட்டி விரலில் வெட்டிக்கொண்டாள். ரத்தம் வரவில்லை. வலிக்கவில்லை. ஒரு வாரம் கழித்தும் வெட்டு அப்படியே, எழுதி வைத்த கோடு போல, திறந்திருந்தது. மருத்துவர் சர்க்கரை என்றார்; பரிசோதனையில் சர்க்கரை இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு கிளாஸ் குடித்தாள். ஒயின் கோட்டுக்குக் கீழே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் எடுக்கத் திறந்தபோது, கோட்டில் நின்றது. சுவையும் மாறவில்லை. திறந்த ஒயின் ஒரு வாரத்தில் கெட்டுப்போகும் என்பது அவளுக்குத் தெரியும். இது, மூடியைத் திருகிய அந்தக் கணத்தைப் போலவே, மாங்காயும் கொய்யாவுமாக இருந்தது.

அவள் பயப்படவில்லை. இதை மறைப்பதற்கில்லை: அவள் மகிழ்ந்தாள். சனிக்கிழமைகளில் கிண்ணத்தில் கடலை வைத்துக்கொண்டு, எதிரே இருந்த பிரம்பு நாற்காலியிடம் அலுவலகக் கதைகளைச் சொன்னாள். அலமாரியில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த அவருடைய கிளாஸில், ஆறு பத்துக்குச் சரியாகப் பனி படியும். குளிர்ந்த ஒயின் ஊற்றினால் படிகிற அதே பனி. அரைமணி நேரத்தில் அது வடிந்துவிடும். அவள் அதைத் துடைத்ததில்லை.

எதிர்வீட்டு முத்துச்செல்வி ஒருநாள் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, சம்பங்கி மாலை தினம் புதுசாப் போடுறீங்களா? எந்தக் கடையில வாங்குறீங்க? எனக்கும் சொல்லுங்க" என்று கேட்டாள். பதினாறாம் நாள் போட்ட மாலை அது. ஒரு மொட்டுகூட வாடியிருக்கவில்லை.

அலுவலகத்தில் ஜெயக்கொடி இன்னும் கூர்மையாகக் கேட்டாள்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. சார் போயி ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள டை அடிச்சிருக்கீங்க?"

"அடிக்கலம்மா."

"ஆமா, அடிக்கல. வகிட்டுல ஒரு வெள்ள முடி இல்ல. எங்களுக்கெல்லாம் இருபத்தஞ்சு நாள்ல பல்ல இளிச்சிருது. உங்க தலைக்கு மட்டும் லீவு போல."

அன்றிரவு படுக்கப்போகும் முன் கண்ணாடியில் பார்த்தாள். கடைசியாகச் சாயம் அடித்தது டிசம்பர் ஒன்றாம் தேதி. நகங்களைப் பார்த்தாள். அவற்றை வெட்டி எத்தனை நாளாயிற்று என்று அவளால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெட்டத் தேவையே வரவில்லை. இந்த வீட்டில் ஒன்றும் குறையவில்லை என்று எண்ணியிருந்தாள். ஒன்றும் நகரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியும் அவள் அடுத்த சனிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

சத்யப்ரியா ஜனவரி பதினொன்றில் வந்தாள். அப்பா இல்லாத பொங்கலில் அம்மா தனியாக இருக்க வேண்டாம் என்று இரண்டு வாரம் தங்கினாள். சனிக்கிழமை அவள் பாத்ரூம் போன சமயத்தில் தாமரைச்செல்வி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, அடுப்படியில் நின்றபடியே குடித்தாள். இரண்டாம் வாரம் சத்யா வயிற்றில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா, திருப்பூர்ல இது குட்டிக் கரணம் போட்டுச்சு. இங்க வந்ததுல இருந்து அசையவே மாட்டேங்குது. பாட்டி வீட்டுல நல்ல புள்ளையா நடிக்குதா?"

தாமரைச்செல்வி சிரித்தாள். ஸ்கேன் எடுக்கப் போனபோது சிரிப்பு நின்றது. திருப்பூரில் பத்தாம் தேதி எடுத்த ஸ்கேனில் குழந்தைக்கு இருபது வார வளர்த்தி. மதுரையில் இருபத்துநான்காம் தேதி எடுத்ததிலும் இருபது வார வளர்த்தி. துடிப்பு சீராக இருந்தது. தலையின் அளவும் தொடையெலும்பின் அளவும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. "மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்றார் மருத்துவர். மகளைத் திருப்பூருக்கு அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து அங்கே எடுத்த ஸ்கேனில் குழந்தை இருபத்தொரு வாரத்துக்கு வளர்ந்திருந்தது. இந்த வீட்டில் கழிந்த இரண்டு வாரங்கள் மட்டும் அதன் கணக்கில் இல்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி அவள் சமயநல்லூருக்குப் பஸ் ஏறினாள். சீனியம்மாள் வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தா செல்வி. என்ன, ஆபீஸுக்கு லீவா? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

"ஒரு விசயம் கேக்கணும்க்கா. படைச்சத யாரும் சாப்பிடலேன்னா என்ன ஆகும்?"

"ஏன் சாப்பிடல? அன்னைக்கு உன் கொழுந்தன் பொண்டாட்டிக மூணு பேரும் எலைய வழிச்சுல்ல நக்குனாளுக. முட்டைக்குச் சண்டையே வந்துச்சு."

"அது இல்லக்கா. எல்லாரும் போனப்புறம் நான் தனியா ஒண்ணு வச்சேன். அவருக்குப் பிடிச்சது."

"என்னத்த வச்ச?"

தாமரைச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒயின்."

சீனியம்மாள் புளியைக் கிளறுவதை நிறுத்தினாள். "அப்பிடின்னா? சாராயமா?"

"திராட்சையில செய்யிறதுக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை அவரும் நானும் ஒரு கிளாஸ் குடிப்போம். முப்பது வருசமா."

"நீயுமா!" சீனியம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்புட்டு வருசமா? அடி கள்ளி. எங்களுக்கு ஒரு வாய் குடுக்கணும்னு தோணல பாரு" என்றாள். தாமரைச்செல்வி அழுவதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "சரி, வச்ச. வச்சத என்ன செஞ்ச?"

"திரும்பப் பாட்டில்ல ஊத்திட்டேன்."

சீனியம்மாள் கையில் ஒட்டிய புளியை முந்தானையில் துடைத்தாள்.

"ஏத்தா, படச்சத வீட்டு ஆளு தின்னு முடிச்சு எலைய மடக்குனாத்தான் வந்தவுக எந்திரிப்பாக. பந்தியில பக்கத்து எலை மடக்காம நாம எந்திரிப்பமா? அது மாதிரிதான். நீ இன்னும் எலைய மடக்கல. என் கொழுந்தனாரு உக்காந்துக்கிட்டே இருக்காரு. அவரு எந்திரிக்கிற வரைக்கும் உன் வீட்டுல எதுவும் நகராது."

"நகரலக்கா. ஒண்ணுமே நகரல."

"இன்னொரு தடவ முறையா வையி. கதவச் சாத்து. தட்டித் தொற. அவரு பங்க நீ குடிச்சு முடி. ஒரு சொட்டு மிச்சம் வைக்காத. முடிச்சதும், போயிட்டு வாங்கன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராத. வாங்கன்னா வந்துருவாக."

இப்போது சனிக்கிழமை, ஆறு பத்து. தாமரைச்செல்வி திரையை இழுத்தாள். கடலை அவித்திருந்தாள், வெள்ளரிக்காய் நறுக்கியிருந்தாள். அலமாரியைத் திறந்தபோது அவருடைய கிளாஸில் பனி படியத் தொடங்கியிருந்தது. ஏழு வாரமாகத் தொடாத அந்தக் கிளாஸைக் கையில் எடுத்தாள். விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது.

முதலில் தன் பங்கை ஊற்றிக் குடித்தாள். அவசரப்படவில்லை. மாங்காய், கொய்யா, எலுமிச்சைத் தோல். இனி இந்தச் சுவை வேறு பாட்டிலில் கிடைக்கலாம். இந்த நாற்காலிக்கு எதிரே கிடைக்காது. "ஏங்க, சத்யா நாளைக்கு வாரா" என்று நாற்காலியிடம் சொன்னாள். "காலையில ஒம்பது மணிக்குள்ள வந்துருவா." பிரம்பு மெல்ல முனகியது, ஓர் ஆள் சாய்ந்து உட்காரும்போது முனகுவதைப் போல.

பிறகு மிச்சத்தை அவருடைய கிளாஸில் கவிழ்த்தாள். பாட்டில் காலியானது. கிளாஸை உள்ளறையில் படத்துக்கு முன்னால் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். ஜன்னல் திரையின் ஓரத்தில் இருந்த வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலாக மாறியது. கதவின் மரம் முதுகில் மெதுவாகக் குளிர்ந்தது.

திறக்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கதவைச் சாத்தியபடியே விட்டுவிடலாம். மகளுக்குத் திருப்பூரிலேயே ஒரு நர்ஸை அமர்த்திக் கொடுக்கலாம். தன் தலை நரைக்காது. தன் விரல் வலிக்காது. சனிக்கிழமை தோறும் ஆறு பத்து வரும். அந்த நினைப்பு இதமாக இருந்தது. இதமாக இருந்ததாலேயே அவள் அதைச் சந்தேகித்தாள். பேரப்பிள்ளையைப் பார்க்கத் தன் வீட்டுக்குள் அழைக்க முடியாத ஒருத்தி, உயிரோடு இருப்பதாக எப்படிச் சொல்லிக்கொள்வது?

திரும்பி நின்று, கதவைப் பார்த்து, கைதட்டுவதற்காக இரு கைகளையும் உயர்த்தினாள்.

உள்ளே இருந்து மூன்று முறை கைதட்டும் சத்தம் கேட்டது.

பலமாக அல்ல. ஒரு மனிதர் பக்கத்து அறையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் அறிவிக்கும் அளவுக்கு. நிறுத்தி, நிறுத்தி, மூன்று.

அவளுடைய கைகள் அந்தரத்தில் நின்றன. உள்ளே இருப்பவர் விலகிக்கொள்வதற்காக வெளியே இருப்பவர் கைதட்டுவதுதான் முறை. ஏழு வாரமாக இலை மடக்காமல் உட்கார்ந்திருந்தவள் தான்தான், தான் எழுந்திருப்பதற்காக அவர்தான் காத்திருந்தார் என்பது அவளுக்கு அந்த மூன்று சத்தத்தில் விளங்கியது. அவளும் மூன்று முறை தட்டினாள். கதவைத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை. சம்பங்கி மாலை கருகி, நார் மட்டும் படத்தில் தொங்கியது. பூக்கள் தரையெங்கும் பழுப்பாக உதிர்ந்து கிடந்தன. ஏழு வாரத்து வாடல் மொத்தமும் அந்தச் சிறிய அறையில் ஒரே நேரத்தில் வீசியது. கிளாஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. அதில் பனி இல்லை. ஒயின் தேயிலைத் தண்ணீரின் நிறத்துக்கு மாறியிருந்தது.

அவள் அதை எடுத்துக் குடித்தாள். புளித்த காடி. தொண்டை எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. நிறுத்தாமல் குடித்தாள். கடைசிச் சொட்டையும் கிளாஸைக் கவிழ்த்து நாக்கில் வாங்கினாள். போயிட்டு வாங்க என்று சொல்ல நாக்கு தானாக எழுந்தது. முப்பது வருடம் அவர் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் சொன்ன சொல். பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

கிளாஸைக் கீழே வைத்தபோது ஏதோ ஈரமாகப் பட்டது. இடதுகை ஆட்காட்டி விரலின் வெட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாக வலித்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, டிசம்பர் ஆறாம் தேதி அழ வேண்டியதை அன்று அழுதாள்.

சத்யப்ரியா ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்தாள். வாசலிலேயே, "அய்யோ, உதைக்குதும்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, தலையெல்லாம் ஒரே நரையா இருக்கு? ஒரு மாசத்துக்குள்ளயா?" என்று அடுத்ததாகக் கேட்டாள். பிப்ரவரி இருபத்தொன்றில் எடுத்த ஸ்கேனில், முந்தைய ஸ்கேனுக்குப் பிறகான மூன்று வாரத்துக்கு உரிய வளர்ச்சி முழுதாக இருந்தது.

முடிவு செய்யப்பட்டவை இவை. காலிப் பாட்டிலின் லேபிளை ஊறவைத்துக் கிழித்துவிட்டு, பாட்டிலைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவது. அழகுபாண்டியின் கிளாஸைச் சமயநல்லூருக்குக் கொடுத்துவிடுவது. சீனியம்மாள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், எதற்கு என்று சொல்லவில்லை. வருஷ திதியன்று இலையில் பிராந்திக்குப் பதில் வெள்ளை ஒயின் வைப்பது என்று நல்லகாமனிடம் தாமரைச்செல்வியே நேரில் சொல்லிவிட்டாள். அவர் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு, சரி என்றார். அன்று படைத்ததை அந்த அறையிலேயே, விளக்கு அணைவதற்குள், அவளே குடித்து முடிப்பாள். சனிக்கிழமை ஆறு பத்து வழக்கம் தொடரும். ஒரு கிளாஸ், ஒரு நாற்காலி, திரை இழுப்பதில்லை. பாட்டிலில் இனிமேல் கோடு போடுவதில்லை.